பிழிந்ததை மறுபடி பிழியாமல்

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க டிவி தொடர் ஒன்றின் நான்கு எபிசோடுகள் கணினியில் இருக்கின்றன. விளம்பரம் போக ஒவ்வொன்றும் 42 நிமிடம். ஹாலில் இருக்கும் டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக நான்கையும் டிவிடிக்கான வடிவத்துக்கு மாற்றியாகிவிட்டது. ராத்திரி ஓடவிட்டு காலையில் பார்த்தால் வேலை முடிந்திருக்கிறது. கூட்டிப் பார்க்கிறீர்கள்: 5.59 ஜிபி. கையில் இருக்கும் காலி டிவிடியில் கொள்வது 4.7 ஜிபி. இப்போது என்ன செய்வது?

2003க்குப் பிறகு டிவிடி ரைட்டர் மலிவாகி வீடுகளுக்குள் வந்தபோது, உலகம் முழுக்கப் பலரும் முட்டி நின்ற இடம் இது. பெரும்பாலானவர்கள் சொன்ன பதில், ‘இன்னும் சின்னதாக மறுபடி என்கோட் பண்ணு.’ ஆனால் பிடிவாதமான ஒரு சிறு கூட்டமும் இருந்தது. படத்தைத் தொடக்கூடாது, ஒரு பிட்கூட மாறக்கூடாது, அப்படியே உள்ளே வைக்க வழியிருக்கிறதா பார் என்பது அவர்கள் கட்சி. 0.89 ஜிபிக்கு இவ்வளவு வைராக்கியமா என்று தோன்றலாம். அந்த வைராக்கியத்துக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. அதில் கிண்டிப் பொறியியல் கல்லூரியும் கொஞ்சம் வருகிறது.

1. தட்டுக்கு அளவு எடுத்தது யார்?

4.7 என்ற எண் இயற்கையில் கிடைத்ததல்ல. சண்டை போட்டு, பேரம் பேசி வந்த எண்.

1994 முடியும்போது இரண்டு முகாம்கள் இருந்தன. ஒருபக்கம் சோனியும் பிலிப்ஸும், சிடியைக் கொண்டுவந்தவர்கள். இன்னொரு பக்கம் தோஷிபா தலைமையிலான கூட்டம். இரண்டுமே சிடி அளவுள்ள தட்டில் ஒரு முழு சினிமாவை அடக்கப் பார்த்தன. விஹெச்எஸ், பீட்டாமேக்ஸ் என்று டேப்பில் நடந்த யுத்தத்தில் அடிபட்ட நினைவு யாருக்கும் போகவில்லை. ஐபிஎம், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற கணினி நிறுவனங்கள் ஒன்றுகூடி, ஒரே வடிவத்தோடு வாருங்கள், இல்லையென்றால் இரண்டையுமே வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன. 1995 செப்டம்பரில் சமரசம். தட்டின் அடிப்படை தோஷிபாவினுடையது. பிட்டுகளைத் தட்டில் எழுதும் முறை மட்டும் பிலிப்ஸைச் சேர்ந்த டச்சுப் பொறியாளர் கீஸ் இமிங்க் உருவாக்கியது. கீறல், கைரேகை எல்லாவற்றையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் சுமார் 6 சதவீதம் இடத்தைத் தின்னும். தோஷிபா தட்டு 5 ஜிபி என்று திட்டமிடப்பட்டிருந்தது. 6 சதவீதம் போனதும் மிச்சம் 4.7.

இதில் இன்னொரு சின்ன வேடிக்கை உண்டு. தட்டு செய்பவர்களுக்கு ஜிபி என்றால் நூறு கோடி பைட். விண்டோஸுக்கு 107 கோடிச் சொச்சம். அதனால் 4.7 என்று அட்டையில் அச்சடித்த தட்டைக் கணினியில் போட்டால் 4.37 என்று காட்டும். புதிதாக டிவிடி எழுதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது ‘கடைக்காரன் ஏமாத்திட்டான்’ என்று நினைத்திருப்பார்கள். (இந்தக் கட்டுரை முழுக்க நூறு கோடிக் கணக்குதான்.)

சரி, 4.7 போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? ஹாலிவுட். ஒரு பக்கத்தில் 135 நிமிடம் ஓட வேண்டும் என்பது ஸ்டூடியோக்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. அவர்கள் படங்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். படத்துக்கு நொடிக்குச் சராசரி 3.5 மெகாபிட், மூன்று மொழிகளில் ஒலி, நான்கு மொழிகளில் சப்டைட்டில் என்று கூட்டினால் நொடிக்குச் சுமார் 4.69 மெகாபிட் வரும். 4.7 ஜிபியை அதால் வகுத்தால் 133 நிமிடம். கேட்டது கிட்டத்தட்டக் கிடைத்தது. 1996 நவம்பர் 1 அன்று ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது.

ஆக, இந்தத் தட்டு ஒரு ஹாலிவுட் சினிமாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 42 நிமிட எபிசோடு அந்த அளவெடுப்பில் இல்லவே இல்லை. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படமும் இல்லை.

2. கழித்தலின் கதை

இனி உள்ளே போவது என்ன என்று பார்ப்போம். நம் ஊர் பால் முறையில் டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். சுருக்காமல் வைத்தால், நிறத்தகவலைக் கால் பங்காகக் குறைத்த பிறகும், நொடிக்கு 124 மெகாபிட் வேண்டும். 4 மெகாபிட்டில் அதை வைக்கிறோம் என்றால் முப்பத்தொன்றில் முப்பது பங்கைக் கழித்துவிட்டோம் என்று அர்த்தம். கழித்ததே தெரியாமல் கழிக்க வேண்டும். எதைக் கழிப்பது?

அதற்கான அடிப்படைக் கணிதத்தை யோசித்தவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான நசீர் அகமது. 1972இல் இந்த யோசனைக்கு நிதி கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். இது ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று நிராகரித்தார்கள். அவர் விடவில்லை. அவருடைய மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் 1952இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். ‘டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்’, சுருக்கமாக டிசிடி. நீங்கள் பார்க்கும் ஜேபெக் படத்தில் இருப்பது அதுதான். விசிடியிலும் டிவிடியிலும் இருப்பதும் அதுதான்.

படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்தின் 64 புள்ளிகளையும் டிசிடி வேறு 64 எண்களாக மாற்றிக் கொடுக்கும். முதல் சில எண்கள் கட்டத்தின் பொதுவான வெளிச்சத்தையும் மெதுவான மாற்றங்களையும் சொல்லும். கடைசி எண்கள் நுணுக்கங்களை: புடவையின் நெசவு, தலைமுடியின் இழை. கண் முன்னதைத்தான் அதிகம் கவனிக்கும்.

இதுவரை எதுவும் தொலையவில்லை. அடுத்த படியில்தான் தொலைகிறது. ஒவ்வொரு எண்ணையும் ஏதோ ஒன்றால் வகுத்து, வருவதை முழு எண்ணாக்கி வைக்கிறோம். 37 என்ற எண்ணை 8ஆல் வகுத்தால் 4.6, அதை 5 என்று எழுதிவைக்கிறோம். திரும்பப் படம் போடும்போது 5ஐ 8ஆல் பெருக்கினால் 40. முப்பத்தேழு நாற்பதாகிவிட்டது, பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியாது. அதே 8ஆல் 3 என்ற எண்ணை வகுத்தால் 0.4. முழு எண்ணாக்கினால் பூஜ்யம். அந்த இழை போச்சு. எந்தப் பெருக்கலும் பூஜ்யத்தை மூன்றாக்காது.

இப்போது அந்தப் படத்தை எடுத்து, இன்னொரு மென்பொருள், இன்னொரு கணக்கில் மறுபடி என்கோட் செய்கிறது என்று வையுங்கள். அது 6ஆல் வகுக்கிறது. 40ஐ 6ஆல் வகுத்தால் 6.7, அதாவது 7. திரும்பப் பெருக்கினால் 42. உண்மையான எண் 37. முதல் முறை 3 விலகியது, இரண்டாம் முறை 5. கவனியுங்கள்: இரண்டாவது மென்பொருள் முதலாவதைவிட நுணுக்கமாகத்தான் வகுத்தது. ஆனால் அதற்கு 37 தெரியாது. 40ஐத்தான் உண்மை என்று நம்பி, அதற்கு விசுவாசமாக இருக்கப் பாடுபட்டது. முதல் முறையில் உண்டான கட்டம் கட்டமான கறைகளையும், இது இயக்குநர் வேண்டுமென்றே வைத்தது போல என்று நினைத்து பிட் செலவழித்துப் பாதுகாக்கும்.

கேசட் காலத்தவர்களுக்கு இது புரியும். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக்கொடுத்து 60, 90 நிமிட கேசட்டில் பாட்டு பதிந்து வாங்குவோம். அதிலிருந்து நண்பன் பதிந்துகொண்டால் கொஞ்சம் இரைச்சல் கூடும். அவனிடமிருந்து இன்னொருவன் என்றால் இன்னும் கொஞ்சம். டிஜிட்டல் வந்ததும் அந்தக் கவலை ஒழிந்தது என்றார்கள். நகல் எடுப்பதில் ஒழிந்தது உண்மை; ஆயிரம் முறை காப்பி செய்தாலும் ஒரு பிட் மாறாது. ‘கன்வர்ட்’ என்ற பெயரில் அது மறுபடி உள்ளே வந்தது.

இன்னும் பழைய உதாரணம் ஓலைச்சுவடி. பெயர்த்து எழுதுகிறவர் பிழை செய்வார். அடுத்தவர் அந்தப் பிழையோடு தன்னுடையதையும் சேர்ப்பார். ஆனால் ஏட்டில் ஒரு நல்ல விஷயம், வெவ்வேறு ஊர்ப் பிரதிகளில் வெவ்வேறு பிழைகள் இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான் பாடம் கண்டார். எம்பெக் கோப்பில் அது நடக்காது. தொலைக்காட்சியிலிருந்து யாரோ ஒருவர் ஒருமுறை பதிந்து சுருக்கிய கோப்பு ஆயிரம் பேரிடம் இருந்தால், ஆயிரத்திலும் அதே இழை தொலைந்திருக்கும். ஒப்பிட எதுவும் இல்லை.

3. ஒரு சிடியின் வேகம்

டிசிடியை வைத்து வீடியோவுக்குப் பொதுவான ஒரு தரநிலை எழுத வேண்டும் என்று 1988இல் எம்பெக் குழு தொடங்கியது. இத்தாலியரான லியோனார்தோ கியாரிலியோனேயும் ஜப்பானியரான ஹிரோஷி யசூதாவும் முன்னெடுத்தது. முதல் இலக்கு நொடிக்குச் சுமார் 1.5 மெகாபிட். ஏன் அந்த எண்? இசை சிடி ஓடும் வேகம் ஏறக்குறைய அதுதான். பாட்டு கேட்கிற வேகத்திலேயே படமும் வந்துவிட வேண்டும். அதிலிருந்து பிறந்த எம்பெக்-1ஐ வைத்து 1993இல் விசிடி வந்தது. படத்துக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். புள்ளிகள் 352க்கு 288, அதாவது டிவிடி படத்தில் கால் பங்குக்கும் குறைவு. ஒரு தட்டுக்கு 74 நிமிடம்.

நம் ஊரில் இரண்டரை மணி நேரப் படத்தை விசிடியில் வாங்கினால் மூன்று தட்டு இருந்தது இதனால்தான். 150ஐ 74ஆல் வகுத்தால் இரண்டுக்கு மேல் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்துக்காக மூன்றாவது தட்டு.

1999 வாக்கில் இன்னொரு கதை தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் எம்பெக்-4 மென்பொருளை ஜெரோம் ரோட்டா என்ற பிரெஞ்சுக்காரர் உடைத்துத் திருத்தி டிவ்எக்ஸ் என்று பெயரிட்டார். டிவிடி அளவுப் படத்தை ஒரு சிடிக்குள், அதாவது 700 எம்பிக்குள், அதனால் அடக்க முடிந்தது. டிவி தொடர்களைச் சுருக்கியவர்கள் அதே சிடியைப் பங்கு போட்டார்கள். 42 நிமிட எபிசோடு என்றால் பாதி, 350 எம்பி. 22 நிமிட காமெடி என்றால் கால், 175 எம்பி. சிடியில் எழுதுவதை எல்லாரும் நிறுத்திய பிறகும் ரொம்ப நாள் எபிசோடு என்றால் 350 எம்பி என்றே இருந்தது. இதை நொடிக் கணக்கில் பார்த்தால் சுமார் 1.16 மெகாபிட். விசிடியைக் கட்டிப்போட்ட அதே சிடி, இதையும் கிட்டத்தட்ட அங்கேயே கட்டிப்போட்டிருக்கிறது.

4. ஊதிப்போன எபிசோடு

ஸ்டூடியோக்கள் டிவி தொடர்களை டிவிடியில் சீசன் சீசனாக விற்க ஆரம்பித்தது 2000 வாக்கில். அதுவரை விஹெச்எஸ் டேப்பில் ஒன்றிரண்டு எபிசோடாகத்தான் கிடைக்கும். ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ முதல் சீசன் 2000இல் முழுசாகப் பெட்டியாக வந்தது. 24 எபிசோடு, ஏழு தட்டு. ஆனால் தொழிற்சாலையில் அச்சாகும் தட்டில் இரண்டு அடுக்கு உண்டு, 8.5 ஜிபி கொள்ளும். வீட்டில் எழுதும் தட்டில் இரண்டு அடுக்கு வர 2004 ஆனது. வந்தபோது விலையும் அதிகம்.

ஆக, வீட்டுக்காரர் கையில் இருந்தது ஒற்றை அடுக்கு 4.7 ஜிபி. அவரிடம் இருந்த எபிசோடு 350 எம்பி. கோப்பாகவே எழுதினால் ஒரு தட்டில் பன்னிரண்டு கொள்ளும். ஆனால் அன்றைய சாதாரண பிளேயருக்கு டிவ்எக்ஸ் தெரியாது. எம்பெக்-2 கேட்கும். மாற்றுகிறோம். படத்துக்கு நொடிக்கு 2.9 மெகாபிட் கொடுத்தால் 350 எம்பி எபிசோடு ஊதிக்கொண்டு ஜிபியைத் தாண்டுகிறது. படம் அழகானதா என்றால் இல்லை. முன்பே தொலைந்தது தொலைந்ததுதான். எம்பெக்-2 பழைய, அவ்வளவு சாமர்த்தியமில்லாத முறை. அதே படத்தை வைத்துக்கொள்ளவே அதற்குக் கூடுதல் இடம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் பிடிவாதக்காரர்களின் வாதம் தெளிவாகிறது. இந்த எபிசோடு ஏற்கெனவே இரண்டு முறை பிழியப்பட்டிருக்கிறது: ஒளிபரப்பு அல்லது டிவிடியிலிருந்து டிவ்எக்ஸுக்கு ஒருமுறை, டிவ்எக்ஸிலிருந்து எம்பெக்-2க்கு இன்னொருமுறை. 5.59ஐ 4.7 ஆக்க மூன்றாம் முறை பிழிந்தால் வருவது தேங்காயின் மூன்றாம் பால். நிறம் மட்டும்தான் பால்.

5. தொடாமல் அடுக்குவது

அப்படியானால் 0.89 ஜிபி எங்கிருந்து கிடைக்கும்?

பெரும்பாலும் ஒலியிலிருந்து. அந்தக் கால மாற்று மென்பொருள்கள் பல, ஒலியைச் சுருக்காத பிசிஎம் வடிவில் எழுதிவிடும். அது நொடிக்கு 1.536 மெகாபிட். படத்துக்கே 2.9 கொடுக்கும் இடத்தில், அதில் பாதிக்கு மேல் சத்தத்துக்கு. அதுவும் என்ன சத்தம்? டிவ்எக்ஸ் கோப்பில் இருந்தது பெரும்பாலும் எம்பி3. அதை விரித்து பிசிஎம் ஆக்கினால் உள்ளே காற்றுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, டிவிடி ஏற்கும் டால்பி ஏசி-3யில் 192 கிலோபிட் வைத்தால் கணக்கு மாறிவிடும். ஒரு எபிசோடு 1.397 ஜிபியிலிருந்து 0.974 ஜிபிக்கு இறங்கும். நான்குக்கும் சேர்த்து 5.59 போய் 3.9. மெனு, பிற செலவு எல்லாம் போக தாராளமாக அடங்கும். படத்தின் ஒரு பிட்டும் மாறவில்லை. ஒலி மறுபடி சுருங்குகிறது, உண்மைதான். ஆனால் மூல எம்பி3யிலிருந்து நேராகச் செய்தால் ஒரே ஒரு படிதான். மூலத்தில் ஒலியே ஏசி-3யாக இருந்தால் அதையும் தொடாமல் அப்படியே ஏற்றலாம்.

இரண்டாவது வழி இன்னும் அழகானது. அமெரிக்கத் தொடர்கள் பல, சினிமாவைப்போல நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்பட்டவை. அவர்கள் டிவி ஓடுவது 30இல். விவரமில்லாத மென்பொருள் நான்கு ஃபிரேமுக்கு ஒன்று என்று நிஜமாகவே கூடுதல் ஃபிரேம் தயாரித்து நிரப்பும். எம்பெக்-2 எழுதியவர்கள் இதை முன்பே யோசித்திருந்தார்கள். ஒவ்வொரு ஃபிரேமின் தலைப்பிலும் ‘இதில் ஒரு பாதியை மறுபடி காட்டு’ என்று சொல்ல ஒரு கொடி உண்டு. 24 ஃபிரேமை மட்டும் என்கோட் செய்துவிட்டு, பிறகு வரிசையாகக் கொடி குத்திக்கொண்டு போனால் போதும். பிளேயர் அதை 30ஆக விரித்துக்காட்டும். இதற்கென்றே சின்னச் சின்ன இலவச மென்பொருள்கள் இருந்தன. முழு எபிசோடுக்கும் சில நிமிட வேலை. படத்தின் உள்ளே அவை போவதே இல்லை.

மூன்றாவது, டிவிடியின் கட்டமைப்பு. தட்டில் வீடியோ கிடப்பது ஒரு இடம். எதை எந்த வரிசையில் காட்டுவது என்ற பட்டியல் வேறு இடம். ஒரே வீடியோத் துண்டைப் பல பட்டியல்கள் கூப்பிடலாம். ஜப்பானிய அனிமே தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 24 நிமிட எபிசோடில் தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம். எட்டில் ஒரு பங்கு, எபிசோடுக்கு எபிசோடு மாறாதது. ஆறு எபிசோடு உள்ள தட்டில் பாட்டுகளை ஒருமுறை மட்டும் வைத்து, ஆறு பட்டியலிலும் சேர்த்துவிட்டால் 15 நிமிடம் மிச்சம். துண்டிலிருந்து துண்டுக்குத் தாவும்போது சில பிளேயர்கள் ஒரு கணம் தயங்கும். அவ்வளவுதான்.

துண்டு போடவும் ஒரு நியதி உண்டு. எம்பெக்கில் எல்லா ஃபிரேமும் முழுப்படம் அல்ல. அரை நொடிக்கு ஒன்று வாக்கில்தான் முழுப்படம் வரும். நடுவில் இருப்பவை, போன ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். ஆகவே முழுப்படம் தொடங்கும் இடத்தில் வெட்டினால் எதையும் மறுபடி என்கோட் செய்ய வேண்டாம். குறிப்புகளுக்கு நடுவே வெட்டினால் அந்த அரை நொடியை மட்டுமாவது புதிதாக எழுதியாக வேண்டும். விளம்பரத்தை நீக்கும்போது கடைசி அரை நொடி சோப்பு விளம்பரம் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைச் சகித்துக்கொள்வதுதான் பிடிவாதக்காரர் லட்சணம்.

நான்காவது, விசிடியில் தொடர் வைத்திருந்தவர்களுக்கு. இது பலருக்குத் தெரியாமலே போனது. டிவிடியின் விதிமுறை எம்பெக்-2ஐ மட்டும் கேட்பதில்லை. 352க்கு 288 புள்ளிகளில் எம்பெக்-1ஐயும் ஏற்கும். அதாவது விசிடியின் படம் அப்படியே டிவிடிக்குச் செல்லுபடியாகும். ஒரே ஒரு தடை: விசிடியின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள், டிவிடிக்கு 48,000 வேண்டும். ஒலியைப் பிரித்தெடுத்து அதை மட்டும் மாற்றி மறுபடி சேர்த்தால் வேலை முடிந்தது. விசிடித் தட்டுக்குள் .டேட் என்ற வாலோடு கிடக்குமே, அந்தக் கோப்பின் மேல்தோலை உரித்தால் உள்ளே இருப்பது சுத்தமான எம்பெக்-1தான். இந்த வேகத்தில் ஒரு டிவிடி ஏழரை மணி நேரம் ஓடும். ஆறு விசிடி ஒரே தட்டில், இழை குறையாமல்.

இதெல்லாம் கைகொடுக்காவிட்டால் கடைசியாக ஒரு வழி: இரண்டு தட்டு. மூன்று எபிசோடு ஒன்றில், ஒன்று இன்னொன்றில். கேட்க மொக்கையாக இருக்கும். ஆனால் 2005க்குப் பிறகு காலித் தட்டு விலை தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்த காலத்தில் இதுதான் புத்திசாலித்தனம்.

6. பிழிந்தவர்கள்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘டிவிடி ஷ்ரிங்க்’ என்ற இலவச மென்பொருள் அந்த வருடங்களில் ரொம்பப் பிரபலம். இரட்டை அடுக்குத் தட்டின் உள்ளடக்கத்தை ஒற்றை அடுக்குக்குள் அடக்கும். அதன் வேகம்தான் ஆச்சரியம். மற்றவை மணிக்கணக்கில் செய்ததை அது நிமிடக் கணக்கில் செய்தது. ரகசியம் இதுதான்: அது படத்தை முழுசாக விரிப்பதே இல்லை. டிசிடி எண்கள் வரை மட்டும் அவிழ்த்து, அவற்றை இன்னும் பெரிய எண்ணால் வகுத்துத் திரும்பக் கட்டிவிடும். ஒரு அசைவு எங்கிருந்து எங்கே போகிறது என்பது போன்ற கஷ்டமான கணக்குகளை மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். பத்து சதவீதம் குறைக்க அது போதும், கண்ணுக்குத் தெரியாது. நாற்பது சதவீதம் என்றால் முகத்தில் கட்டம் விழும்.

நம் பக்கத்தில் பிழிதலின் உச்சம் தெருவோரம் விற்ற திருட்டு டிவிடிகள். ‘3 இன் 1’, ‘5 இன் 1’ என்று அட்டையில் போட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுவாரசியமான ஒன்று தெரிகிறது. இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்று என்றால் 450 நிமிடம். 4.7 ஜிபியை அதில் பங்கிட்டால் நொடிக்கு 1.39 மெகாபிட். படம், ஒலி சேர்த்து விசிடியின் வேகம் 1.37. அதாவது ‘3 இன் 1’ என்பது ஒன்பது விசிடி ஒரே தட்டில் இருப்பதற்குச் சமம். அட்டையில் டிவிடி, உள்ளே விசிடியின் பங்குதான். ‘5 இன் 1’ என்றால் 0.84 மெகாபிட். விசிடியைவிடக் கீழே. சண்டைக் காட்சியில் நாயகன் சதுரம் சதுரமாக உடைந்ததற்குக் காரணம் இந்த வகுத்தல்தான். அந்தப் படங்களின் முதல் பார்வை பலருக்கு அந்தத் தட்டுகளில்தான் நடந்தது என்பதையும் மறுக்க முடியாது.

7. அலமாரியில் இருக்கும் தட்டு

இன்று யாரும் டிவிடிக்குள் எபிசோடு அடக்குவதில்லை. ஆனால் எதிர்த்திசையில் அதே கேள்வி வந்து நிற்கிறது.

2000களில் நடந்த கல்யாணங்கள், காதுகுத்துகள், அறுபதாம் கல்யாணங்கள் எல்லாம் டிவிடியில் இருக்கின்றன. அதற்கு முந்தையவை விஹெச்எஸிலிருந்து டிவிடிக்கு மாற்றப்பட்டன. டேப்பைப் பலர் தூக்கிப்போட்டும் விட்டார்கள். பலருடைய தாத்தா பாட்டி நடந்து, சிரித்து, பேசுகிற ஒரே பதிவு அந்தத் தட்டு. வீட்டில் எழுதிய தட்டு அச்சடித்த தட்டு மாதிரி இல்லை. அதில் பிட்டுகளைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை மெதுவாக அழிக்கும். லேப்டாப்பில் டிஸ்க் டிரைவே இல்லாமல் போய்ப் பல வருடமாகிறது. எனவே, எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைக்க வேண்டும், சீக்கிரம் வைக்க வேண்டும்.

எப்படி என்பதில்தான் விஷயம். ‘எம்பி4 ஆக கன்வர்ட் செய்து தருகிறோம்’ என்ற பலகையை நம்பிக் கொடுத்தால் நடப்பது மறுபடி பிழிதல். நாம் 2ஆம் பகுதியில் பார்த்த 37, 40, 42 கதை. கூடவே இன்னொரு இழப்பும் உண்டு. அந்தக் காலக் கேமராக்கள் நொடிக்கு 25 முழுப்படம் எடுக்கவில்லை. 50 பாதிப்படங்கள் எடுத்தன, ஒன்று விட்டு ஒரு வரியாக. ஒவ்வொரு பாதியும் வெவ்வேறு கணம். கவனமில்லாத கன்வர்ட்டர் இரண்டிரண்டைக் குழைத்து 25 ஆக்கிவிடும். கல்யாணத்தில் பாட்டி திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில், ஐம்பது கணங்களில் இருபத்தைந்து போய்விடும். கோப்பு சின்னதாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. தட்டில் இருக்கும் விஓபி கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைப்பது. ஒரே கோப்பாக வேண்டும் என்றால், எம்கேவி மாதிரி ஒரு உறைக்குள் என்கோட் செய்யாமல் மாற்றி இடுவது. இதைச் செய்யும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு தட்டுக்கு டிரைவ் படிக்கும் நேரம்தான் ஆகும். 4.7 ஜிபி இன்று போனில் எடுக்கும் சில நிமிட 4கே வீடியோவின் அளவு. இடம் பிரச்சினையே இல்லை. எம்பெக்-2ஐ நாளை யாராவது நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். அதன் காப்புரிமைகளில் அமெரிக்காவில் எஞ்சியிருந்தவையும் 2018 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் மென்பொருள் எழுதலாம், எழுதுகிறார்கள். வாட்ஸப்பில் உறவினருக்கு அனுப்ப ஒரு சின்ன பிரதி வேண்டுமென்றால் தாராளமாகப் பிழிந்து அனுப்புங்கள். மூலம் அலமாரியில் பத்திரமாக இருக்கும்வரை அது வெறும் பிரதி. மூலத்தை அழித்துவிட்டால் அதுவே மூலமாகிவிடும்.

கல்யாண வீடியோக்காரர் 2003இல் ஏதோ ஒரு எண்ணால் வகுத்து, எது மிஞ்ச வேண்டும், எது போகலாம் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டார். நல்லதோ கெட்டதோ, முடிந்துபோன தீர்மானம். நமக்கு மிஞ்சியிருப்பது ஐந்து, ஏழு, பூஜ்யம் என்ற எண்களின் நீண்ட வரிசை. அதைப் பெட்டி மாற்றலாம், உறை மாற்றலாம், பத்து இடத்தில் நகல் வைக்கலாம். எண்களை மட்டும் மாற்றாமல் இருந்தால் சரி.